அதே மரங்கள்தாமா?

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

சென்ற ஆண்டு நவம்பரில் எங்கள் வகுப்பு நீலகிரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றது. உதகைத் தாவரவியல் பூங்காவையும் தொட்டபெட்டாவையும் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டுக்கு இறங்கினோம். யானை முகாமைக் கண்டு களித்தோம். முதுமலைக் காட்டைப் பார்த்தது, உள்ளபடியே சொன்னால், பேருந்தின் சன்னல் வழியாகத்தான். அதுவும் பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருந்தோம். காஞ்சிக்குத் திரும்பியதும் ரெக்கார்டு நோட்டில், "முதுமலைக் காடு மிகவும் செழிப்பாக உள்ளது" என்று ஒரு வரி எழுதி வைத்தேன். எங்கள் விரிவுரையாளர் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் "எப்போது இருந்ததைவிட?" என்று கேட்டிருந்தார்.

ஒரே ஒரு கேள்வி. என்னால் விடை சொல்ல முடியவில்லை. நான் அந்தக் காட்டை அதற்கு முன் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேனா என்பதும் தெரியாது. ஒருமுறை பார்த்தவன் "செழிப்பு" என்றோ "அழிவு" என்றோ எப்படிச் சொல்வது? விடை தேடி நூலகத்தில் அலைந்தபோதுதான் ஒன்று தெரியவந்தது. நான் உறங்கிக் கடந்த அதே காட்டில், இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கென்றே 1988-ஆம் ஆண்டு முதல் ஒரு வேலை நடந்து வருகிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

நீலகிரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளிரும் சோலைக்காடும் புல்வெளியும். முதுமலை அப்படிப்பட்டதன்று. அது மலையின் வடக்கு அடிவாரத்து மேட்டுநிலம்; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். மேற்கே மழை மிகுதி. கிழக்கே மசினகுடிப் பக்கம் போகப்போக மழை குறைந்து முட்புதர்க்காடு ஆகிவிடும். இடைப்பட்ட பகுதி இலையுதிர்காடு. தேக்கு, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி ஆகியவை அங்கே பெருமரங்கள். மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி, கீழே ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். ஒரு தீக்குச்சி போதும். இப்பகுதி 1940-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1986-இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் சேர்ந்தது. 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது.

இங்கேதான் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சூழலியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர்கள், யானை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற இராமன் சுகுமார் தலைமையில், 50 ஹெக்டேர் காட்டை அளந்து எடுத்துக்கொண்டார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 124 ஏக்கர். நீளம் ஒரு கிலோமீட்டர், அகலம் அரைக் கிலோமீட்டர். அதை 20 மீட்டருக்கு 20 மீட்டர் என்று சதுரம் சதுரமாகப் பிரித்தால் 1,250 சதுரங்கள் வரும். ஒவ்வொரு சதுரத்திலும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த உலோகத் தகடு இட்டார்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் நம் சுண்டுவிரல் பருமன்! அந்த மரம் என்ன இனம், சதுரத்தில் எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு பருமன் என்பன பதிவேட்டில் ஏறின. முதல் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26,000 மரங்கள், சுமார் 70 இனங்கள்.

இந்த முறை அவர்கள் கண்டுபிடித்ததன்று. பனாமா நாட்டில், கால்வாய்க்காகத் தேக்கிய ஏரியின் நடுவே பாரோ கொலராடோ என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஸ்டீபன் ஹபெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இரு அறிவியலாளர்கள் 1980-ஐ ஒட்டி முதன்முதலாக இப்படி 50 ஹெக்டேரை எண்ணத் தொடங்கினார்கள். அதே விதிகளை அப்படியே பின்பற்றி இன்று உலகெங்கும் 70-க்கு மேற்பட்ட களங்கள் உள்ளன. எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே முறையில் அளப்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. இலங்கைச் சிங்கராஜா மழைக்காட்டில் உள்ள களம் 25 ஹெக்டேர்தான், முதுமலையில் பாதி. ஆனால் அதில் உள்ள மரங்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல்! ஆண்டு முழுதும் மழை பெய்யும் காட்டுக்கும், ஆண்டில் சில மாதம் காய்ந்து கருகும் காட்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு எண்களில் விளங்கிவிடுகிறது.

எதற்காக ஒவ்வொரு மரத்துக்கும் எண்? மொத்தத்தை எண்ணினால் போதாதா? எனக்கும் முதலில் இந்த ஐயம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது நம் கல்லூரி வளாகமே.

எங்கள் துறை அலமாரியில் 1986-ஆம் ஆண்டு மாணவர்கள் எழுதிய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. வளாகத்து மரங்களின் பட்டியல் அது. "வேம்பு 22" என்று அதில் இருந்தது. நாங்கள் நால்வர் ஒரு சனிக்கிழமை சுற்றி வந்து எண்ணினோம். வேம்பு 22! ஒன்றுகூடக் குறையவில்லை என்று மகிழ்ந்து விரிவுரையாளரிடம் ஓடினோம். அவர் நிதானமாக, "அதே 22 தானா?" என்றார். மறுபடி போய்ப் பார்த்தோம். சுற்றுச்சுவர் ஓரத்தில் நான்கு வேம்புகள் என் கைப் பருமன்கூட இல்லை. 1986-இல் அவை முளைத்தே இருக்க முடியாது. ஆக, பழைய 22-இல் நான்காவது போயிருக்க வேண்டும். எந்த நான்கு? எந்த ஆண்டு? புயலா, பூச்சியா, புதுக் கட்டடத்துக்காக வெட்டியதா? சொல்வார் இல்லை. பழைய மாணவர்கள் எண்ணிக்கை எழுதினார்கள். எந்த மரம் என்று எழுதவில்லை.

மொத்தம் மாறாமல் இருக்கும்போதே உள்ளே எல்லாம் மாறியிருக்கலாம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் பத்தாண்டுக்கு முன் 40 தறி, இன்றும் 40 தறி என்றால் தொழில் நிலையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். ஆனால் 15 வீட்டில் தறி நின்று, வேறு 15 வீட்டில் புதிதாய் ஓடுகிறது என்றால் அந்தப் பதினைந்து குடும்பம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாமா? முதுமலையில் இட்ட தகடு அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான கருவி. ஒவ்வோர் ஆண்டும் களத்தைச் சுற்றிவந்து, எந்த எண் செத்தது, எதனால் செத்தது, எந்தக் கன்று புதிதாக ஒரு சென்டிமீட்டரை எட்டியது என்று குறிக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மரங்களையும் மறுபடி அளக்கிறார்கள்.

இதில் ஒரு சிறு கணக்கு. நூறு மரங்களில் ஆண்டுக்கு இரண்டு சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். வேறொரு காட்டில் நான்கு. இரண்டுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாடு ஒருநாள் நடந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் புதுக் கன்றே இல்லாவிட்டால் முதற் காடு பாதியாக ஏறத்தாழ 34 ஆண்டு ஆகும். இரண்டாவது 17 ஆண்டிலேயே பாதியாகிவிடும். ஒரு தலைமுறைக்கு வேண்டிய காடு அந்தச் சிறு எண்ணில் அடங்கியிருக்கிறது. அதைக் கண்டுகொள்ள ஓராண்டு, ஈராண்டு கணக்குப் போதாது. ஓராண்டு தீ, ஓராண்டு நல்ல மழை என்று எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கும்.

இனி, அங்கே கண்டது என்ன?

முதலில் யானை. கிடியா காலிசினா என்றொரு சிறுமரம் உண்டு. பருத்தி, பூவரசு ஆகியவற்றின் உறவு. 1988-இல் களத்தில் மிகுதியாக நின்றது அதுதான். யானைக்கு இந்தக் குடும்பத்தின் மீது தனி விருப்பம். கிளையை ஒடித்து, தண்டை முறித்து, பட்டையை உரித்துத் தின்றுவிடும். சில ஆண்டுகளுக்குள் கிடியாவின் எண்ணிக்கை சரசரவென்று விழுந்தது. அதே உறவைச் சேர்ந்த வலம்புரிச் செடியும் குறைந்தது. இவ்வளவோடு கணக்கை நிறுத்தியிருந்தால் "யானை காட்டை அழிக்கிறது" என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் அதே பதிவேட்டின் அடுத்த பக்கத்தில் வெண்தேக்கு, வெக்காலி போன்ற பெருமரங்களின் சாவு மிகக் குறைவு என்றும், சரக்கொன்றை ஏறுமுகத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. ஆக, யானை காட்டை அழிக்கவில்லை. எந்த மரம் மிகுதியாக நிற்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டல்லவா?

அடுத்தது தீ. 1989 தொடங்கி 1996 வரை களத்தில் பலமுறை தீ பரவியது. புல் எரிந்து போகும் தரைத்தீ அது. தடித்த பட்டை கொண்ட பெருமரத்தை அது ஒன்றும் செய்யாது. சுண்டுவிரல் பருமன் கன்றுகளோ மேலே கருகிவிடும். வேர் உயிரோடு இருந்தால் மழை பெய்ததும் மறுபடி துளிர்க்கும். ஒரு சென்டிமீட்டர் ஆவதற்குள் அடுத்த தீ வந்துவிடும். இப்படியே முதல் பத்தாண்டில் களத்தின் மொத்த மரங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் வியப்பு என்னவென்றால், மரங்களின் அடிமரப் பரப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அது குறையவில்லை. சிறிது கூடியே இருந்தது. பெரியவை இன்னும் பெருத்துக்கொண்டிருந்தன. குழந்தைகளே இல்லாமல் முதியவர்கள் மட்டும் நலமாக வாழும் ஊரை எண்ணிப் பாருங்கள். தெருவில் போகிறவனுக்கு ஊர் நன்றாகத்தான் தோன்றும்.

பின்னர்த் தீயின் இடைவெளி நீண்டது. கன்றுகள் தலை தூக்கின. எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது. 1996-இல் வந்து எண்ணிப் போனவர் "காடு மடிகிறது" என்றிருப்பார். பல ஆண்டு கழித்து வந்தவர் "காடு பெருகுகிறது" என்றிருப்பார். என் ரெக்கார்டு நோட்டு வரியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வறட்சியைப் பற்றியது. 19 ஆண்டுக் கணக்கை வைத்து மழையையும் மரச் சாவையும் ஒப்பிட்டார்கள். மழை பொய்த்த ஆண்டிலேயே பெருமரங்கள் சாகவில்லை. சாவு சில ஆண்டு பிந்தி வந்தது. இது நமக்குப் புரியாததன்று. எங்கள் வீட்டில் தறி உண்டு. பட்டு விலை ஏறிய அன்றே தறி நிற்பதில்லை. ஏற்றி வைத்த பாவு முடியும்வரை ஓடும். வீட்டில் இருக்கும் பட்டு தீரும்வரை ஓடும். சத்தம் அடங்கும்போது விலை ஏறிய செய்தியே பழசாகியிருக்கும். மரமும் தன் வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததைத் தின்று ஒன்றிரண்டு ஆண்டு நிற்கிறது. பின்னர் மழை நன்றாகப் பெய்யும் ஓர் ஆண்டில் சாய்கிறது. அந்த ஆண்டு மட்டும் வந்து பார்ப்பவர் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. புவி வெப்பமடைகிறது, மழை முறை மாறுகிறது என்று நாளும் படிக்கிறோம். அதனால் நம் மலைக்காடுகளுக்கு என்ன ஆகும் என்று ஊகித்துப் பேசுவோர் பலர். எண் காட்டிப் பேசுவதற்கு இத்தகைய பதிவேடுகள் வேண்டும்.

உண்ணிச்செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த இச்செடி நம் ஊர் வேலியிலும் உண்டு. முதுமலைக் களத்தில் 1990-இல் அது எந்தெந்தச் சதுரத்தில் இருந்தது, 2008-இல் எங்கெங்கே பரவியது என்று இரண்டையும் வைத்துப் பார்த்தபோது அதன் வளர்ச்சி அஞ்சத்தக்கதாக இருந்தது. மரக்கன்றுக்கும் புல்லுக்கும் உரிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

மலைக்காட்டை இப்படி நெடுங்காலம் பார்ப்பது வேறு நாடுகளிலும் எதிர்பாராத பலன் தந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் ஹப்பர்டு புரூக் என்ற காட்டில் 1963 முதல் மழைநீரையும் ஓடைநீரையும் விடாமல் சேர்த்துச் சோதித்தார்கள். ஊட்டச்சத்து காட்டுக்குள் எப்படி வந்து போகிறது என்று அறிவதே நோக்கம். கிடைத்ததோ, மழைநீரில் அமிலம் என்ற அதிர்ச்சி! தொலைவிலுள்ள தொழிற்சாலைப் புகை மலைக்காட்டில் வந்து பெய்துகொண்டிருந்தது. பின்னால் சட்டங்கள் வந்து புகை குறைந்தபோது மழையின் அமிலம் குறைந்ததையும் அதே பதிவேடுதான் காட்டியது.

நம் நீலகிரியில் இதைவிட நீண்ட பதிவேடு ஒன்று உண்டு. அதை மனிதர் எழுதவில்லை. உதகைப் பக்கத்துச் சதுப்புகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் செத்த செடிகள் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மலைப்புல்லில் பலவும் மரமும் கரியமில வாயுவை எடுக்கும் முறையில் வேறுபட்டவை. எனவே அவற்றின் கார்பனில் ஒரு நுண்ணிய வேறுபாடு நின்றுவிடுகிறது. சுகுமாரும் அவர் தோழர்களும் சதுப்பு மண்ணை அடுக்கு வாரியாக எடுத்து அந்த வேறுபாட்டை அளந்து, 20,000 ஆண்டுக்கு மேலாக அங்கே புல்லும் மரமும் காலநிலைக்கேற்ப மாறி மாறி ஓங்கி வந்ததை 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சோலையும் புல்வெளியும் ஆதியிலிருந்தே இன்றுள்ளபடி இருந்தன என்று நாம் எண்ணுவது பிழை.

நம் ஊருக்கு நெடுங்காலக் கணக்கு புதிதன்று. அத்தி மரத்தாலான அத்தி வரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளுகிறார். 1979-இல் என் பாட்டி கைக்குழந்தையோடு போய்ச் சேவித்தாராம். 2019-இல் அந்தக் குழந்தையாகிய என் தந்தை பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். 40 ஆண்டுக்கு ஒருமுறை காண்பது பக்திக்குப் போதும். காட்டுக்குப் போதாது. 1979-இலும் 2019-இலும் மட்டும் முதுமலையை எண்ணியிருந்தால் இடையில் நேர்ந்த வீழ்ச்சியும் எழுச்சியும், தீயும் வறட்சியும் நமக்குத் தெரிந்தே இராது.

இந்த வேலையில் பகட்டு ஒன்றும் இல்லை. காட்டை அறிந்த உள்ளூர்ப் பழங்குடியினர் துணையோடு, யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, உண்ணி கடியையும் தாங்கி, நேற்று அளந்த மரத்துக்கு அடுத்த மரத்தை அளக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் வழங்குவோர் பெரும்பாலும் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்றுதான் வழங்குவார்கள். மரத்தின் வயதோ நூறைத் தாண்டும். ஓராண்டு விட்டுப்போனால் அந்த ஆண்டைப் பின்னால் போய் எண்ண முடியாது. குடகு மலையில் உப்பங்களா என்னும் இடத்தில் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கிய களமும் இப்படித்தான் சிலருடைய விடாப்பிடியால் நடந்து வந்திருக்கிறது. இமயம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரை நெடுங்காலச் சூழலியல் கண்காணிப்புக்கு இந்திய அரசு 2015-இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. அறிவிப்பது எளிது, முப்பதாம் ஆண்டு நாடாவைப் பிடிக்க ஆள் வேண்டும்.

நாங்கள் நால்வரும் இந்த ஆண்டு ஒன்று செய்தோம். ஊரில் ஒரு பாத்திரக்கடையில் அலுமினியத் தகடு வாங்கி, சிறு துண்டாக்கி, எண் பொறித்தோம். வளாகத்தில் மார்பளவு உயரத்தில் சுற்றளவு 31.4 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, அதாவது விட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மரங்களுக்கெல்லாம் தளர்வாகக் கம்பியிட்டுக் கட்டினோம். வேம்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அந்த நான்கு மெலிந்தவையும் கணக்கில் உண்டு, 1 முதல் 22 வரை. 17-ஆம் எண் வேம்பு சைக்கிள் நிறுத்துமிடத்தில் உள்ளது. அதன் தகட்டை ஒரே வாரத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வரைபடத்தில் இடம் குறித்திருந்ததால் எது 17 என்பது தெரிந்தது. புதுத் தகடு கட்டியிருக்கிறோம். தயவுசெய்து அதை விட்டுவையுங்கள்.

நோட்டும் வரைபடமும் துறை அலமாரியில் இரண்டாம் தட்டில், 1986-ஆம் ஆண்டு நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த அளவை வரும் ஜனவரியில். அப்போது நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். நாடாவைத் தொய்யவிடாமல் தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். 9-ஆம் எண் வேம்பில் கட்டெறும்பு உண்டு.